ஏழு வயதில் மூன்று மொழி

தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை அந்த ஓராண்டிலேயே தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்குகிறது. எழுத்து வரிசை இரண்டு; ஒலி ஒழுங்கு மூன்று. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் இது இன்று நேற்று வந்த நிலையன்று. ஆயினும் அந்தப் பளுவை எடைபோட்டுப் பார்த்தவர் சிலரே. பளு தாளாமல் பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறும்போது பழி நேரே தமிழின் தலையில் விழுகிறது. "தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினால் இங்கிலீஷ் வராது" என்னும் பேச்சு, முதலாம் ஆண்டுப் பதிவுக் காலம் வரும்போதெல்லாம் குடியிருப்புகளில் எழுகிறது. அதை நம்பிச் சிலர் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்க்கின்றனர். மாணவர் குறைந்த பள்ளி மேலும் மெலிகிறது.

பெற்றோரின் அச்சத்தைப் பொய்யென்று தள்ள நாம் துணியோம். ஆறு ஆண்டு படித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுள் ஒரு பகுதியினர் ஓர் ஆங்கிலப் பத்தியைத் தடையின்றி வாசிக்க மாட்டாதவராகவே போகின்றனர். தனியார் துறை வேலைக்கும் மேற்படிப்புக்கும் கணினித் தொழிலுக்கும் இந்நாட்டில் ஆங்கிலம் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். நோய் உண்மை, சொல்லப்படும் காரணந்தான் பிழை. தமிழ் கற்றதனால் ஆங்கிலம் கெடவில்லை. ஆங்கிலத்தில் வாசிப்பது எப்படி என்று அப்பிள்ளைக்கு முறையாக எவரும் கற்பிக்கவில்லை என்பதே எம் கருத்து.

இந்த அச்சத்துக்கு வேர் ஆழம். மலாயாவில் ஆங்கில வாசிப்பு நெடுங்காலம் தமிழரை இரு கூறாக்கி வைத்திருந்தது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிகள் 1816இல் வந்திறங்கி, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். அவ்வழி வந்த பள்ளிகளில் ஆங்கிலம் கற்றவர்கள் இங்கே இரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் எழுத்தர்களாக வந்தனர். பிரிக்பீல்ட்சு இரயில்வேக் குடியிருப்பாகவே வளர்ந்தது. அங்கே இலங்கைத் தமிழர் 1904இல் விவேகானந்தா ஆசிரமத்தைத் தொடங்கினர். மறுபுறம் கிள்ளானைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளி வந்தது, பெரும்பாலும் ஓர் ஆசிரியர், ஓர் அறை, தொடக்க வகுப்புகள் சில. அவ்வளவே. ஆங்கிலப் பள்ளி பட்டணத்தில் இருந்தது. அதற்குக் கட்டணமும் இருந்தது. ஆக, ஆங்கிலம் வாசித்தவன் எழுத்தரானான், வாசியாதவன் பால் மரம் சீவினான். அந்தப் பிரிவினை முடிந்து இரண்டு தலைமுறை கடந்தும் அதன் நினைவு குடும்பங்களில் மாயவில்லை. "நாங்கள் பட்டது போதும்" என்று ஒரு பாட்டி சொன்னால் அதை அறியாமை என்று ஒதுக்குவது எளிது; நியாயமன்று.

இனி வகுப்பறைக்குள் நுழைவோம். முதலாம் ஆண்டுப் பிள்ளை ஆங்கிலப் பாடநூலைத் திறக்கிறது. பூனைப் படம், கீழே மூன்றெழுத்து. விரலை வைத்து "சி, ஏ, டி" என்று உரக்கச் சொல்லி, "கேட்" என்று முடிக்கிறது. ஆசிரியர் தலையசைக்கிறார். படத்தை உள்ளங்கையால் மறைத்துவிட்டு, அதே எழுத்துகளில் ஒன்றை மாற்றி வேறொரு சொல்லாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பிள்ளை விழிக்கும். ஏனெனில் அது வாசிக்கவில்லை. படத்தைப் பார்த்துச் சொல்லை நினைவுகூர்ந்தது. சி, ஏ, டி என்பன எழுத்துகளின் பெயர்கள். அப்பெயர்களை எத்தனை விரைவாகச் சேர்த்துச் சொன்னாலும் அந்தச் சொல்லின் ஒலி பிறக்காது. தமிழில் எழுத்தின் பெயரே அதன் ஒலி. ஆங்கிலத்தில் பெயர் வேறு, ஒலி வேறு. இதைப் பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே சொல்லியாக வேண்டும். பாலர் பள்ளியில் இரண்டாண்டு எழுத்துப் பெயர்களைப் பாட்டாகப் பாடிய பிள்ளைகள் பலருக்கு இது சொல்லப்படுவதே இல்லை.

அதே கிழமையில், மணியடித்து அடுத்த பாடவேளை தொடங்கியதும், மலாய் ஆசிரியர் வருகிறார். அவரும் அதே உரோமன் எழுத்துகளையே எழுதுகிறார். ஆனால் அவற்றுக்கு ஒலி வேறு. ஆங்கிலத்தில் பூனையைக் குறித்த அதே மூன்றெழுத்து மலாயில் 'சாட்' என்று ஒலித்துச் சுவருக்குப் பூசும் சாயத்தைக் குறிக்கும். மலாய் எழுத்துமுறை நேர்மையானது. ஓரிரு விலக்கு நீங்கலாக எழுதியபடியே ஒலிக்கும். 'பா, பி, பு' என்று அசை அசையாக ஓதி, சில மாதங்களில் பிள்ளை மலாய் வாசித்துவிடும். அந்த வெற்றியே ஆங்கிலத்தில் இடறுகல்லாகிறது. மலாய் ஒலியைக் கொண்டு ஆங்கிலச் சொல்லை வாசிக்கும் பிள்ளை மந்தமானதன்று. கற்றதைக் கற்றபடி செய்யும் கருத்துள்ள பிள்ளை. குழப்பம் எங்கிருந்து வந்தது என்று ஆங்கில ஆசிரியருக்குத் தெரிந்தால் ஒரு நிமிடத்தில் திருத்தலாம். மலாய் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரு மேசையில் அமர்ந்து, எந்த எழுத்தை யார் எந்த வாரத்தில் கற்பிப்பது என்று பேசிக்கொள்ளும் பள்ளிகள் எத்தனை? செலவில்லாத சீர்திருத்தம் இது. ஆணை பிறக்கும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை.

ஆங்கிலம் அதனைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்கே எளிதன்று. 26 எழுத்து, ஏறத்தாழ 44 ஒலி, ஒரே ஒலிக்குப் பல எழுத்துக் கூட்டு, ஒரே கூட்டுக்குப் பல ஒலி. டண்டீப் பல்கலைக்கழகத்தின் பிலிப் சீமோரும் அவர்தம் கூட்டாளிகளும் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் தொடக்க வாசிப்பை ஒப்பிட்டு 2003இல் வெளியிட்ட ஆய்வு, பின்லாந்து, இத்தாலியப் பிள்ளைகள் முதல் ஆண்டின் முடிவிலேயே அடையும் நிலையை எட்ட ஆங்கிலம் வாசிக்கும் ஸ்காட்லாந்துப் பிள்ளைகளுக்கு இரு மடங்குக்கும் மேற்பட்ட காலம் வேண்டும் என்று கண்டது. வீட்டிலும் வீதியிலும் ஆங்கிலமே கேட்டு வளரும் ஸ்காட்லாந்துப் பிள்ளைக்கு நிலை இதுவாயின், பள்ளிக்கு வெளியே ஆங்கில வாக்கியம் கேளாத கிள்ளான் செந்தோசாப் பிள்ளைக்கு எத்துணைப் பொறுமை காட்ட வேண்டும்!

நம் கல்வித் திட்டம் காட்டியது என்ன? 2003க்கு முன் தமிழ்ப்பள்ளிகளில் ஆங்கிலம் மூன்றாம் ஆண்டில்தான் தொடங்கிற்று. அவ்வாண்டு அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை வந்தபோது, முதலாம் ஆண்டிலேயே ஆங்கிலம் நுழைந்தது. வாசிக்கத் தெரியாத மொழியில் வாய்பாடும் தாவரமும் படிக்க வேண்டியதாயிற்று. 2009இல் அக்கொள்கையைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. 2011இல் வந்த புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் ஒலிவழி வாசிப்பைப் புகுத்தியது. அது நல்ல மாற்றம். ஆனால் தேசியப் பள்ளிக்கு வாரம் 300 நிமிட ஆங்கிலம். தமிழ், சீனப் பள்ளிகளுக்கு 150 நிமிடம். 2016இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்க இடந்தரும் இருமொழித் திட்டம். 2017இல் ஐரோப்பிய மொழித்தர அளவுகோலைத் தழுவிய பாடத்திட்டம். அதனுடன் கேம்பிரிட்ஜ் அச்சகத்தின் 'சூப்பர் மைண்ட்ஸ்' என்னும் இறக்குமதிப் பாடநூல். அந்நூலைத் தேசியப் பள்ளி முதலாம் ஆண்டில் 160 பாடங்களில் நடத்தும். தமிழ்ப்பள்ளி 96 பாடங்களில் நடத்த வேண்டும். நூல் ஒன்று, எட்ட வேண்டிய தரம் ஒன்று, நாழிகை மட்டும் குறைவு. மூன்றாவது மொழியாக ஆங்கிலத்தை ஏற்கும் பிள்ளைக்கு நேரம் குறைவதில் ஒரு தவிர்க்கவியலாத கணக்கு உண்டு, மறுக்கவில்லை. தமிழுக்கும் மலாய்க்கும் உரிய நேரத்தைப் பறித்து ஆங்கிலத்துக்குக் கொடு என்று நாம் கேட்கவுமில்லை. குறைந்த நேரத்துக்கு ஏற்ற நூலையாவது எழுதியிருக்க வேண்டாமா? அந்த 96 பாடங்களுக்கெனத் தனி நூல், நம் ஊர்க் கடையும் பேருந்தும் மழையும் இடம்பெறும் நூல், மலாய் ஒலியறிந்த பிள்ளைக்கு ஆங்கில ஒலி எங்கே மாறுகிறது என்று காட்டும் நூல், இன்றளவும் வரவில்லை.

ஒலிவழி வாசிப்பை ஏதோ மேலைநாட்டுப் புதுமை என்று ஆசிரியர் பலர் எண்ணுகின்றனர். இங்கிலாந்து 2006இல் ரோஸ் குழுவின் அறிக்கைக்குப் பின் அதை எல்லாப் பள்ளிகளுக்கும் உரியதாக்கியது உண்மை. ஆனால் க்+அ=க, க்+இ=கி என்று மெய்யையும் உயிரையும் இணைத்து ஓதுகிற தமிழாசிரியர் நாள்தோறும் செய்வதும் அதே வேலைதான். ஒலியைப் பிரிப்பது, பிரித்ததைச் சேர்ப்பது, சேர்த்ததை ஓரெழுத்தாகக் காண்பது: 247 எழுத்துகளின் அமைப்பே இப்பயிற்சி. உயிர்மெய்யில் தேறிய பிள்ளைக்கு, எழுத்து என்பது ஒலியின் குறி என்ற அடிப்படை உண்மை கைவந்துவிட்டது. அதை மீண்டும் கற்பிக்க வேண்டியதில்லை. புதிய குறிகளை மட்டும் கற்பித்தால் போதும். ஆகவே ஆங்கில ஆசிரியரின் முதற்கேள்வி "இந்தப் பிள்ளைக்குத் தமிழ் வாசிப்பு எவ்வளவு வருகிறது?" என்பதாக இருக்க வேண்டும். தமிழில் தட்டுத் தடுமாறும் பிள்ளை ஆங்கிலத்திலும் தடுமாறுவதை எந்த அனுபவமுள்ள ஆசிரியரும் சொல்வார். தமிழை வலுப்படுத்துவது ஆங்கிலத்துக்கு எதிரானதென்று கருதுவோர் இதனை ஊன்றி நோக்குக.

தமிழ் உதவாத இடமும் உண்டு, அதையும் மறைக்கலாகாது. நம் பகரம் ஒரே எழுத்தில் இரண்டு ஒலியைச் சுமக்கிறது. கரடிக்கும் பேரிக்காய்க்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் இரண்டையும் தமிழெழுத்தில் எழுதினால் 'பேர்' என்றே வரும். இத்தலையங்கத்திலேயே அவற்றை வேறுபடுத்திக் காட்ட எமக்கு வழியில்லை. சொல்லின் தொடக்கத்தில் மெய்கள் அடுக்கி வருவதும் தமிழ் நாவுக்குப் புதிது; ஆகவேதான் 'இஸ்கூல்' பிறக்கிறது. இவற்றைக் காதுக்குப் பழக்காமல் கண்ணுக்குப் பழக்க முற்படுவது வீண். மலாயில் இந்த ஒலிகள் தனித்தனி எழுத்துப் பெற்றிருப்பதால், அந்த வாசிப்பு இங்கே கைகொடுக்கும். மூன்று மொழியும் ஒன்றையொன்று தாங்க இடமிருக்கையில், அவை ஒன்றையொன்று தடுக்கும்படி பாடவேளை அமைத்திருக்கிறோம்.

பிறமொழி வாசிப்பைப் பற்றி நம்மைப் போன்ற சமூகத்தில் இருந்து எழுந்த சிந்தனையும் உண்டு. டாக்காவில் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காளச் சிறுவர்க்கு எது பயன்படும் என்று ஆராய்ந்து 1926இல் இருமொழிக் கல்வி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அன்றைய பாட வாசகங்களில் புதுச் சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் நெருங்கி நின்றதையும், பிள்ளை ஒவ்வொரு வரியிலும் முட்டி நின்றதையும் அவர் கண்டார். பக்கத்துக்குச் சில புதுச் சொல் மட்டும், அவையும் திரும்பத் திரும்ப வரும்படி வாசகங்களை எழுதினார். அவருடைய மாணவர்கள் ஏற்கெனவே வங்காளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் என்பதையும் மறவாதிருப்போம். 1953இல் யுனெஸ்கோ தாய்மொழிக் கல்வியை வலியுறுத்தியபோது சொன்னதும் இதனோடு ஒத்ததே. தமிழ்நாடு கூட 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் தமிழையும் ஆங்கிலத்தையும் கணிதத்தையும் ஒருசேர வைத்து, பிள்ளையை வகுப்பால் அன்றி நிலையால் பிரித்துக் கற்பிக்கிறது. அத்திட்டத்தைக் குறைகூறுவோர் உளர். எனினும் மூன்றாம் வகுப்புக்குள் வாசிக்க வைத்தாக வேண்டும் என்ற குறிக்கோளை அரசு வெளிப்படையாக ஏற்றது.

இங்கே அந்த வெளிப்படையான கணக்கு மறைந்து போயிற்று. எழுத்தறிவையும் எண்ணறிவையும் சோதிக்கும் 'லீனுஸ்' திட்டம் 2010இல் தொடங்கி, 2013இல் ஆங்கில வாசிப்பையும் உள்ளடக்கியது. அதில் குறை இருந்தது; படிவம் நிரப்பியே ஆசிரியர் ஓய்ந்தனர். பின்னாளில் அதைக் கைவிட்டனர். 2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வும் நீங்கிற்று. ஆறாம் ஆண்டுத் தேர்வின் அச்சம் போனதில் எமக்கு மகிழ்ச்சியே. ஆனால் இன்று ஒரு பெற்றோர் கையில் கிடைப்பது வகுப்பறை மதிப்பீட்டின் ஒற்றை எண். ஒன்று முதல் ஆறு வரை. மூன்று என்று போட்டிருந்தால் பிள்ளை வாசிக்கிறதா இல்லையா? அந்த எண்ணைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. வாசிப்புப் பழக்கத்துக்கென வந்த 'நீலாம்' பதிவேட்டின் கதையும் இதுவே. நூற்பெயர், ஆசிரியர் பெயர், நான்கு வரிச் சுருக்கம் என்று பக்கம் நிறைகிறது. அந்நான்கு வரி நூலின் பின்னட்டையிலிருந்து பெயர்த்தெழுதியது என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். உலக வங்கி 2024இல் வெளியிட்ட அறிக்கை, மலேசிய மாணவருள் 42 விழுக்காட்டினர் ஐந்தாம் ஆண்டு முடிவில் போதிய வாசிப்புத் திறன் எட்டவில்லை என்றது. அது தமிழ்ப்பள்ளியை மட்டும் குறித்ததன்று, நாட்டுக்கே உரியது. வாசிப்பைக் கற்பிப்பதில் நாடே பின்தங்கியிருக்க, தமிழ்ப்பள்ளியை மட்டும் கூண்டில் நிறுத்துவது முறையோ?

ஆசிரியர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2012இல் நாட்டின் ஆங்கில ஆசிரியர்களுக்கு நடத்திய கேம்பிரிட்ஜ் தகுதித் தேர்வில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் வேண்டிய தரத்தை எட்டவில்லை. பயிற்சிகள் தொடர்ந்தன, மாற்றமும் ஓரளவு வந்தது. தமிழ்ப்பள்ளிகளில் ஆங்கிலத்தைச் சிறப்புப் பாடமாகப் பயின்றவர் கிடைக்காத இடங்களில், கிடைத்தவர் கையில் அப்பாடவேளையைத் திணிப்பது வழக்கமாகிவிட்டது. இருப்பதிலும் திறமையான ஆங்கில ஆசிரியரை ஐந்தாம், ஆறாம் ஆண்டுக்கு அனுப்பி, புதியவரை முதலாம் ஆண்டில் நிறுத்துவதும் தேர்வுக் காலத்துப் பழக்கம். தேர்வு போயிற்று, பழக்கம் போகவில்லை. தலைமையாசிரியர்கள் இதை அடுத்த கால அட்டவணையிலேயே மாற்றலாம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். "கம், சிட், ஈட் ஃபர்ஸ்ட்" என்று அரைகுறை ஆங்கிலத்தில் பிள்ளையை அதட்டி வளர்த்தால் பிள்ளைக்கு ஆங்கிலம் வந்துவிடும் என்று நம்பும் வீடுகள் பெருகிவிட்டன. ஏவல் சொற்கள் இருபது முப்பதால் ஒரு மொழி அமையாது. காரணம் கேட்பதும், கதை சொல்வதும், நேற்று நடந்ததை வரிசையாக எடுத்துரைப்பதும் எந்த மொழியில் இயல்பாக வருமோ அந்த மொழியில் பிள்ளையோடு பேசுவதே அதன் வாசிப்புக்கு அடித்தளம். பெரும்பாலான வீடுகளில் அது தமிழ். ஆங்கிலத்தில் தேர்ந்த பெற்றோர் ஆங்கிலத்திலும் கதை படித்துக் காட்டட்டும், நன்றே. தேராதவர் வெட்க வேண்டியதில்லை. தமிழில் ஒரு கதை சொல்லுங்கள். மாலையில் டியூசனுக்கு அனுப்பிப் பயிற்றி நூலின் கோடிட்ட இடங்களை நிரப்ப வைப்பதைக் காட்டிலும் அது மேல்.

2027இல் முதலாம் ஆண்டுக்குப் புதிய கலைத்திட்டம் வரவிருக்கிறது. தமிழ்ப்பள்ளிக்கென ஆங்கில வாசிப்பு நூல் தனியே எழுதப்பட வேண்டும். இரண்டாம் ஆண்டின் முடிவில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அமர்த்தி, படமில்லாத ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கச் செய்து, முடிவைப் பெற்றோருக்கு எழுத்தில் தர வேண்டும். கல்வியமைச்சிடம் நாம் கேட்பன இவ்விரண்டே. இவற்றை வற்புறுத்த வேண்டியவர்கள் தமிழ்ப்பள்ளி வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும். மண்டபத்துக்கும் கூரைக்கும் மானியம் கேட்டு ஓடிய கால்கள் இதற்கும் ஓடட்டும்.

அமைச்சு அசையும்வரை செய்யத்தக்க வேறொன்றும் உண்டு. தீபகற்பத்தின் ஆங்கிலப் பள்ளிகள் 1970இல் முதலாம் ஆண்டு தொடங்கி மலாய்க்கு மாறின. அதற்கு முன் ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்த தமிழர் பலர் ஆசிரியராகவும் அதிகாரிகளாகவும் இருந்து ஓய்வுபெற்று, பிரிக்பீல்ட்சிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் கிள்ளானிலும் வாழ்கின்றனர். அவர்களுள் இளையவருக்கே அறுபது கடந்துவிட்டது. வாரம் ஒரு முறை, தம் வட்டாரத் தமிழ்ப்பள்ளியின் வள மையத்தில் அமர்ந்து, இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று பத்து நிமிடம் வாசிப்பதைக் கேட்க அவர்களால் இயலும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியரால் ஒவ்வொருவரையும் தனியே கேட்க முடிவதில்லை. வாசிக்கக் கற்பதற்கோ, கேட்டுத் திருத்த ஒரு காது வேண்டியிருக்கிறது. மாவட்டக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் தலைமையாசிரியரின் அழைப்பும் போதும். ஆண்டுத் தொடக்கத்தில் அழைப்புக் கடிதத்தை அனுப்பலாம்.